முதலில் வெளியேறுவது எந்தப் பயிர்?

மக்காச்சோளத்துக்கு நடுவே தட்டைப்பயறு போட்ட முதல் வருடம், விதைத்த 50-ஆவது நாள் வாக்கில் வயலுக்குள் நுழையவே முடியவில்லை. நான் போட்டது கொடி ஓடும் ரகம். அது மக்காச்சோளத் தண்டைச் சுற்றி உச்சி வரைக்கும் ஏறி, ஒரு செடியிலிருந்து அடுத்த செடிக்குத் தாவி, நாலைந்து செடிகளைச் சேர்த்துக் கட்டிப்போட்ட மாதிரி நின்றது. காற்றடித்த ஒரு ராத்திரியில் ஒரு கட்டு சாய்ந்தபோது பக்கத்துக் கட்டையும் இழுத்துக்கொண்டு விழுந்தது. காலையில் கொடியை அறுத்துவிடுவதா, சாய்ந்ததை நிமிர்த்துவதா என்று புரியாமல் வரப்பில் உட்கார்ந்திருந்தேன். எங்களோடு பல வருடமாக வயல் வேலை பார்க்கும் அக்கா வந்து பார்த்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார். “ஏன் தம்பி, இதுல மொதல்ல எது வெளிய போகுது?”

எனக்குப் பதில் தெரியவில்லை. இரண்டும் ஏறக்குறைய 90 நாள் பயிர். ஒரே நாளில் உள்ளே வந்தன, ஒரே வாரத்தில் வெளியே போகும். அப்படியென்றால் வெயிலும் தண்ணீரும் சத்தும் இரண்டுக்கும் ஒரே சமயத்தில்தான் அதிகமாகத் தேவைப்படும். ஊடுபயிர் என்று நினைத்து ஒரு வயலுக்குள் இரண்டு பேரைச் சண்டைக்கு விட்டிருக்கிறேன் என்பது அப்போதுதான் உறைத்தது.

அந்தக் கேள்வியை வைத்துக்கொண்டுதான் அதற்குப் பிறகு வந்த ஒவ்வொரு பருவத்தையும் திட்டமிட்டேன். மாற்றுப் பயிர் முறைக்கு வர நினைக்கிறவர்கள் பெரும்பாலும் எந்தப் பயிரோடு எந்தப் பயிர் சேரும் என்ற பட்டியலைத்தான் தேடுகிறார்கள். நானும் அப்படித்தான் தேடினேன். பட்டியல் தப்பில்லை, ஆனால் அதைவிட முக்கியம் எது எப்போது நுழைகிறது, எது எப்போது இடத்தைக் காலி செய்கிறது என்ற கணக்கு. பசுந்தாள் உரம் (பச்சையாகவே மண்ணில் மடக்கி உழும் பயிர்), மூடாக்கு (தரையை மூடிப் போடும் பயிர்க்கழிவு), பயிர்ச்சுழற்சி என்று எதை எடுத்தாலும் நான் அடிபட்ட இடமெல்லாம் இந்தக் கணக்கில்தான்.

எதற்காக ஒற்றைப் பயிரை விட்டேன் என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். தொடர்ந்து மக்காச்சோளம் மட்டுமே போட்டுவந்த நிலம் அது. மழை பெய்து இரண்டு நாள் வெயில் காய்ந்தால் மேல்மண் ஓடு மாதிரி இறுகிவிடும், முளை அதை முட்டிக்கொண்டு வளைந்து நிற்கும். உரத்தின் அளவு கூடிக்கொண்டே போனது, விளைச்சல் அதே இடத்தில் நின்றது. அதற்குமேல் படைப்புழு வேறு. அமெரிக்கக் கண்டங்களைச் சேர்ந்த அந்தப் புழு 2016-இல் ஆப்பிரிக்காவிலும் 2018-இல் இந்தியாவிலும் கண்டறியப்பட்டு, மக்காச்சோளம் போடுகிறவர்களின் தூக்கத்தைக் கெடுத்தது. வருடம் முழுக்க அதற்குப் பிடித்த சாப்பாட்டையே வயலில் வைத்திருந்தால் அது ஏன் போகும்?

ஒரே பயிரைத் தொடர்ந்து போட்டால் என்ன ஆகும் என்பதற்கு உலகத்தில் நல்ல சாட்சி இங்கிலாந்தின் ராதம்ஸ்டெட் ஆய்வு நிலையத்தில் இருக்கிறது. பிராட்பால்க் என்ற வயலில் 1843-இல் ஆரம்பித்த கோதுமைச் சோதனை இன்றுவரை நடக்கிறது. அதே வயலில் ஒரு பகுதியைப் பிரித்து, இடையில் வேறு பயிர் வைத்து, பிறகு கோதுமை போட்டுப் பார்த்தார்கள். இடைவெளி விட்டு வந்த கோதுமை, தொடர்ந்து வந்த கோதுமையைவிட நன்றாக விளைகிறது. அதற்கு முக்கியமான காரணங்களில் ஒன்று வேரைத் தாக்கும் ஒரு பூஞ்சை. இடையில் வேறு பயிர் வந்தால் அந்தப் பூஞ்சைக்குப் பிடிமானம் கிடைப்பதில்லை. உரத்தைக் கூட்டி ஈடுகட்ட முடியாத ஒரு விஷயம் பயிர் மாற்றத்தில் இருக்கிறது என்பதற்கு இதைவிட நீளமான பரிசோதனை எனக்குத் தெரிந்து வேறு இல்லை.

சரி, அக்காவின் கேள்விக்கு வருகிறேன். அடுத்த வருடம் சோளமும் துவரையும் போட்டேன். இது புதுக் கண்டுபிடிப்பு ஒன்றும் இல்லை, மானாவாரியில் தலைமுறை தலைமுறையாக இருக்கும் கூட்டுதான். வறண்ட நிலப் பயிர்களுக்கான பன்னாட்டு ஆய்வு நிறுவனமான இக்ரிசாட்டின் ஆய்வாளர்கள் 1970-களின் பிற்பகுதியிலிருந்து இதைத்தான் வயலில் வைத்து நுணுக்கமாக அளந்தார்கள். இரண்டு வரிசை சோளம், ஒரு வரிசை துவரை, வரிசைக்கு வரிசை 45 சென்டிமீட்டர். இந்த அமைப்பில் ஒரு துவரை வரிசைக்கும் அடுத்த துவரை வரிசைக்கும் நடுவே 135 சென்டிமீட்டர் கிடைக்கும். முதல்முறை விதைக்கும்போது அந்த இடைவெளியைப் பார்த்து எனக்குப் பயமாகத்தான் இருந்தது, துவரை கண்ணிலேயே படாமல் போய்விடுமோ என்று.

பட்டும் படாமலும்தான் இருந்தது. விதைத்த 45-ஆவது நாள் குனிந்து பார்த்தால் துவரை முழங்கால் உயரம்கூட வரவில்லை, சோளம் இடுப்பைத் தாண்டி நிற்கிறது. துவரை இலைகள் சின்னதாக, வெளிர்ப்பச்சையாக, நிழலுக்குள் ஒதுங்கி நிற்கும். அப்பா வந்து பார்த்துவிட்டு, “துவரைய விட்றுப்பா, அது இனிமே தேறாது” என்றார். எனக்கும் கிட்டத்தட்ட அந்த எண்ணம்தான். ஆனால் அந்தச் செடியில் ஒன்றை மண்வெட்டியால் சுற்றி வெட்டி எடுத்துப் பார்த்தபோதுதான் அது என்ன செய்துகொண்டிருக்கிறது என்று தெரிந்தது. மேலே ஒரு சாண் என்றால் கீழே ஆணிவேர் அதைவிட நீளம், நான் வெட்டிய குழிக்கும் கீழே போய் அறுந்திருந்தது. மேலே மெதுவாக இருந்த நாளெல்லாம் அது கீழே இறங்கிக்கொண்டிருந்திருக்கிறது.

100 நாளில் சோளம் அறுவடை முடிந்தது. கதிரை எடுத்து, தட்டையையும் (கதிர் எடுத்தபின் நிற்கும் தண்டு) அறுத்தபிறகு வயலில் திடீரென்று வெயில் கொட்டியது. அதற்கு அடுத்த மூன்று வாரம் துவரை வளர்ந்த வேகத்தை நேரில் பார்த்தால்தான் நம்ப முடியும். பக்கக் கிளைகள் விரிந்து 135 சென்டிமீட்டர் இடைவெளியையும் மூடிவிட்டது. மழை நின்றுபோன பிறகும், சோளத்தின் வேர் எட்டாத ஆழத்து ஈரத்தை வைத்துப் பூத்துக் காய்த்தது. சோளத்துக்கு வேண்டியதெல்லாம் முதல் மூன்று மாதத்தில், துவரைக்கு வேண்டியதெல்லாம் அதற்குப் பிறகு. ஒரே நிலம், ஒரே மழை, ஆனால் இரண்டு பேரும் வேறு வேறு பந்தியில் உட்கார்ந்த மாதிரி.

துவரையைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். செம்மண் மாதிரி இரும்பு அதிகம் உள்ள மண்ணில் மணிச்சத்து (பாஸ்பரஸ்) இரும்போடு பிணைந்து, பயிருக்கு எட்டாமல் கிடக்கும். துவரை தன் வேரிலிருந்து பிசிடிக் அமிலத்தைக் கசியவிட்டு அந்தப் பிணைப்பை உடைத்து எடுத்துக்கொள்கிறது. இதை ஆய்வாளர்கள் 1990-இல் வெளியிட்டார்கள். அதன் இலை உதிர்ந்து மக்கும்போது அந்தச் சத்து மேல்மண்ணுக்கு வந்துசேரும். துவரை நின்ற இடத்தில் அறுவடை சமயத்தில் நடந்தால் காலுக்குக் கீழே சருகு மெத்தை மாதிரி இருக்கும், அது வெறும் குப்பை இல்லை.

ஊடுபயிரில் லாபமா நஷ்டமா என்று எப்படிக் கணக்குப் போடுவது என்பது பலருக்குக் குழப்பம். சோளம் தனியாகப் போட்டால் வருவதைவிடக் குறைவாகத்தான் வரும், அதை மட்டும் பார்த்தால் நஷ்டம் மாதிரி தெரியும். இதற்கு ஒரு எளிய கணக்கு இருக்கிறது, நிலச் சமன் விகிதம் என்பார்கள். ஒரு ஏக்கரில் சோளம் மட்டும் போட்டால் 10 மூட்டை, துவரை மட்டும் போட்டால் 5 மூட்டை வரும் என்று வைத்துக்கொள்ளுங்கள். சேர்த்துப் போட்டபோது சோளம் 8, துவரை 3 வருகிறது. 10-க்கு 8 என்றால் 0.8. 5-க்கு 3 என்றால் 0.6. இரண்டையும் கூட்டினால் 1.4. சேர்த்துப் போட்ட ஒரு ஏக்கரில் கிடைத்ததைத் தனித்தனியாகப் போட்டு எடுக்க 1.4 ஏக்கர் வேண்டியிருக்கும் என்று அர்த்தம். 1-க்குக் கீழே வந்தால் அந்தக் கூட்டு உங்கள் நிலத்துக்கு ஒத்துவரவில்லை. என் மக்காச்சோளம், கொடித் தட்டைப்பயறுக் கூட்டு நிச்சயமாக 1-க்குக் கீழேதான் இருந்திருக்கும், ஆனால் அந்த வருடம் ஒப்பிட்டுப் பார்க்க நான் தனிப் பயிர் எதுவும் விட்டுவைக்கவில்லை. இது பெரிய தவறு. வயலின் ஒரு ஓரத்தில் ஒவ்வொரு பயிருக்கும் நாலைந்து வரிசையாவது தனியாக விட்டால்தான் இந்தக் கணக்கே போட முடியும். இல்லாவிட்டால் மழை நன்றாகப் பெய்த வருடத்தை ஊடுபயிரின் வெற்றி என்றும், பெய்யாத வருடத்தை அதன் தோல்வி என்றும் சொல்லிக்கொண்டிருப்போம்.

பயறு வகை போட்டால் பக்கத்துப் பயிருக்குத் தழைச்சத்து (நைட்ரஜன்) கிடைத்துவிடும், யூரியாவே வேண்டாம் என்று நிறையப் பேர் சொல்கிறார்கள். நானும் அதை நம்பித்தான் முதல் வருடம் மக்காச்சோளத்துக்கு மேலுரம் வைக்காமல் விட்டேன். பயிர் நிற்கும்போதே பயறின் வேரிலிருந்து பக்கத்து வேருக்குப் போகும் தழைச்சத்து மிகக் கொஞ்சம். உண்மையில் நடப்பது வேறு. பயறு தனக்கு வேண்டியதில் பெரும்பகுதியைக் காற்றிலிருந்து எடுத்துக்கொள்வதால் மண்ணில் இருப்பதற்குப் போட்டி போடாமல் தானியப் பயிருக்கு விட்டுவிடுகிறது. முக்கியமான பலன், வேரும் இலையும் மக்கிய பிறகு அடுத்து வரும் பயிருக்குத்தான் கிடைக்கும். அதுவும் காயைப் பறித்து, செடியையும் வேரோடு பிடுங்கி மாட்டுக்குப் போட்டுவிட்டால் நிலத்துக்கு மிஞ்சுவது ரொம்பக் கொஞ்சம், ஏனென்றால் செடியின் தழைச்சத்தில் கணிசமான பங்கு விதைக்குப் போய்விடுகிறது. அதனால் இப்போது நாங்கள் பயறுச் செடியைப் பிடுங்குவதே இல்லை, தரையோடு அறுக்கிறோம். “அடி காட்டுக்கு, நடு மாட்டுக்கு, நுனி வீட்டுக்கு” என்று சொல்லி வைத்தவர்கள் சும்மா எதுகை மோனைக்காகச் சொல்லவில்லை, அது நிலத்தின் பங்கைப் பிரித்துக் கொடுத்த கணக்கு.

காற்றிலிருந்து எடுக்கிறதா இல்லையா என்பதை நீங்களே பார்த்துவிடலாம். விதைத்து 30 முதல் 45 நாளுக்குள் ஒரு செடியை மண்வெட்டி வைத்து மண்ணோடு தோண்டி எடுங்கள். பிடுங்கக் கூடாது, பிடுங்கினால் முடிச்சுகள் மண்ணிலேயே அறுந்து நின்றுவிடும். ஒரு வாளித் தண்ணீரில் மெதுவாக அலசினால் வேரில் மணிமணியாக முடிச்சுகள் தெரியும். ஒன்றை நகத்தால் பிளந்து பாருங்கள். உள்ளே இளஞ்சிவப்பாக, ஏறக்குறைய இரத்த நிறத்தில் இருந்தால் வேலை நடக்கிறது. அந்த நிறமே நம் இரத்தத்தில் இருக்கும் ஹீமோகுளோபின் மாதிரியான ஒரு பொருளால் வருவதுதான். வெள்ளையாக இருந்தால் இன்னும் முதிரவில்லை அல்லது வேலை செய்யாத முடிச்சு, பச்சையாகவோ பழுப்பாகவோ இருந்தால் வேலை முடிந்துவிட்டது. நான் முதன்முதலில் பிளந்து பார்த்தபோது மேலுரம் வைத்த பகுதியில் முடிச்சே விரல் விட்டு எண்ணும்படி இருந்தது, வைக்காத பகுதியில் கொத்துக் கொத்தாக இருந்தது. தழைச்சத்தை நாம் தாராளமாகக் கொடுத்தால் செடி ஏன் கஷ்டப்பட்டு முடிச்சு கட்ட வேண்டும்? அதோடு தானியப் பயிரும் கொழுத்து வளர்ந்து பயறை நிழலில் அமுக்கிவிடும். இப்போது நான் தானிய வரிசைக்கு மட்டும் உரத்தைப் பிரித்துப் பிரித்து, செடியின் அடியில் வைக்கிறேன், வீசி இறைப்பதில்லை.

இந்த முடிச்சுகளுக்குள் இருந்து காற்றின் தழைச்சத்தைப் பிடித்துத் தரும் பாக்டீரியாதான் ரைசோபியம். அதை விதையோடு கலக்கும் விதைநேர்த்தியைப் பற்றி ஒரு வரி. நிழலில் உலர்த்த வேண்டும், பூஞ்சணக்கொல்லியோடு சேர்த்துக் கலக்கக் கூடாது. தட்டைப்பயறு போன்றவற்றுக்கு மண்ணில் ஏற்கெனவே இருக்கும் பாக்டீரியாவே பெரும்பாலும் போதும், ஆனால் சோயா இதுவரை விளையாத நிலத்தில் முதன்முதலாகப் போடுகிறீர்கள் என்றால் அதற்கென்று உள்ள பாக்டீரியாவைக் கலக்காமல் விதைக்காதீர்கள், அது இல்லாத மண்ணில் முடிச்சே வராது.

அடுத்த அடி சணப்பில் விழுந்தது. பசுந்தாள் உரத்துக்குச் சணப்பு விதைத்தேன், அருமையாக வளர்ந்தது. 45, 50 நாளில், பூ எடுக்கும் சமயத்தில் மடக்கி உழுதிருக்க வேண்டும். முதலில் மழை, அப்புறம் டிராக்டர் கிடைக்கவில்லை, அப்புறம் இன்னும் கொஞ்சம் வளரட்டுமே, தழை அதிகம் கிடைக்குமே என்ற ஆசை. 75 நாளுக்கு மேல் போய்விட்டது. ஆள் உயரத்துக்கு மேல் நின்றது, தண்டு நார் ஏறிப் போயிருந்தது. சணப்பு நாருக்காகவே வளர்க்கப்படும் பயிர் என்பது ரோட்டவேட்டர் கத்தியில் கயிறு மாதிரி சுற்றிக்கொண்டபோது நன்றாகவே புரிந்தது. சுற்றியதை அரிவாளால் அறுத்து எடுக்கவே அரை நாள் ஆனது. அதைவிடப் பெரிய அடி அடுத்த பயிரில். உழுத பத்து நாளில் மக்காச்சோளம் விதைத்தேன், மூன்றாவது வாரத்திலிருந்து அடியிலைகள் மஞ்சளாக ஆரம்பித்தன. இலை நுனியில் ஆரம்பித்து நடுநரம்பு வழியாக உள்ளே ஆப்பு வைத்த மாதிரி மஞ்சள் இறங்கியது. தழைச்சத்துப் பற்றாக்குறையின் அடையாளம் அது. தழைச்சத்துக்காகவே ஒரு பயிரை வளர்த்து மண்ணில் மடக்கிவிட்டு, பற்றாக்குறை வந்தால் எப்படி இருக்கும்?

காரணம் கரிமத்துக்கும் (கார்பன்) தழைச்சத்துக்கும் உள்ள விகிதம். மண்ணில் இருக்கும் நுண்ணுயிர்களுக்கு ஏறத்தாழ 24 பங்கு கரிமத்துக்கு 1 பங்கு தழைச்சத்து உள்ள இரை பொருத்தமானது. இளசான பயறுத் தழையில் அது 15, 20 என்று இருக்கும், அதனால் சீக்கிரம் மக்கி, மிஞ்சிய தழைச்சத்து பயிருக்குக் கிடைக்கும். கோதுமை வைக்கோலில் அது 80-ஐ ஒட்டி இருக்கும். அதை மக்க வைக்க நுண்ணுயிர்கள் மண்ணில் இருக்கும் தழைச்சத்தையும் இழுத்துக்கொள்ளும், பயிர் பட்டினி கிடக்கும். முற்றிப்போன சணப்புத் தண்டு வைக்கோல் பக்கம் போய்விட்டது, அவ்வளவுதான். முற்றிவிட்டது என்று தெரிந்தால் அதை மண்ணுக்குள் உழாமல் வெட்டி மேலே மூடாக்காகப் போட்டிருக்க வேண்டும். மண்ணுக்கு மேலே கிடந்தால் இந்த இழுபறி மேல்பரப்போடு நின்றுவிடும். இன்னொன்று, பசுந்தாள் பயிரும் தண்ணீர் குடிக்கிறது. மழையை நம்பிய நிலத்தில் அடுத்த விதைப்புக்கு இரண்டு மூன்று வாரம் முன்னாலேயே அதை முடித்துவிட வேண்டும், இல்லாவிட்டால் அடுத்த பயிரின் முளைப்புக்கு வைத்திருக்கும் ஈரத்தை அது எடுத்துக்கொள்ளும். அக்காவின் கேள்வி இங்கேயும் அதே கேள்விதான்.

உழவை நிறுத்திய கதை இன்னும் நீளம். உழாமல் விதைப்பது மண்ணுக்கு நல்லது என்று கேள்விப்பட்டு ஒரு துண்டு நிலத்தில் உழவை மட்டும் நிறுத்தினேன். தட்டையை மாட்டுக்கு எடுத்துவிட்டேன், அதே மக்காச்சோளத்தைத் திரும்ப விதைத்தேன். களை கழுத்து வரைக்கும் வந்தது, மண் முன்பைவிட இறுகியது, விளைச்சல் விழுந்தது. பிறகுதான் 2015-இல் நேச்சர் இதழில் வெளிவந்த ஒரு பெரிய ஆய்வைப் பற்றிப் படித்தேன். 610 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்ததில், உழவை மட்டும் நிறுத்தினால் சராசரியாக விளைச்சல் குறைகிறது என்றும், கூடவே பயிர்க்கழிவை நிலத்திலேயே விட்டு, பயிரையும் மாற்றிப் போட்டால் அந்தக் குறைவு பெருமளவு சரியாகிறது, மழை குறைந்த மானாவாரி நிலங்களில் விளைச்சல் கூடவும் செய்கிறது என்றும் தெரிந்தது. ஐக்கிய நாடுகளின் உணவு மற்றும் வேளாண் அமைப்பும் இந்த மூன்றையும் சேர்த்துத்தான் பாதுகாப்பு வேளாண்மை என்கிறது. மண்ணைக் குறைவாகக் கிளறுவது, விதைத்த பிறகும் குறைந்தது 30 சதவீதமாவது தரை மூடியிருப்பது, பயிர்களைப் பலவிதமாக வைப்பது. நான் மூன்றில் ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு மற்ற இரண்டையும் விட்டிருக்கிறேன்.

இரண்டாவது முறை தட்டையை அங்கேயே படுக்கவைத்து, இடையிடையே திறந்து துவரையும் பாசிப்பயறும் விதைத்தேன். வித்தியாசம் முதலில் களையில் தெரிந்தது, அப்புறம் ஈரத்தில். உச்சி வெயிலில் தட்டையை விலக்கிவிட்டு உள்ளங்கையை வைத்தால் கீழே மண் குளிர்ந்து இருக்கும், இரண்டடி தள்ளி வெறுந்தரையில் அதே கையை அரை நிமிடம் வைக்க முடியாது. ஒரு எச்சரிக்கை, சோளத் தட்டைக்கும் வேருக்கும் மற்ற விதைகளின் முளைப்பைத் தடுக்கும் குணம் உண்டு. களைக்கு அது நல்லது, ஆனால் எள் மாதிரி சின்ன விதையை அதன் மேலேயே உடனே விதைத்தால் அதுவும் அடிபடும். கொஞ்ச நாள் விட்டு, தட்டையைச் சாலிலிருந்து விலக்கி விதையுங்கள்.

மண் மாறுகிறதா என்று பார்க்கப் பெரிய கருவி எதுவும் வேண்டாம். 6 அங்குலக் குறுக்களவுள்ள ஒரு தகரக் குழாயை, இரண்டு பக்கமும் திறந்தது, மண்ணில் பாதி இறங்கும்படி தட்டி இறக்குங்கள். சுமார் 450 மில்லி தண்ணீரை ஊற்றினால் அது ஓர் அங்குல மழைக்குச் சமம். முதல் முறை ஊற்றுவது மண்ணை நனைக்க. அது வடிந்ததும் இரண்டாவது முறை ஊற்றி, எவ்வளவு நேரத்தில் இறங்குகிறது என்று பாருங்கள். என் வயலில் ஒற்றைப் பயிர் ஓரத்தில் ஊற்றிவிட்டு வேறு வேலை பார்த்துவிட்டு வர நேரம் இருக்கும், மூடாக்கும் துவரையும் மூன்று வருடம் இருந்த பக்கத்தில் கடிகாரத்திலிருந்து கண்ணை எடுக்க முடியாது. ஒவ்வொரு வருடமும் அதே இடத்தில், அதே பருவத்தில் செய்து நோட்டில் எழுதிவைத்தால் போதும்.

பூச்சிக்கும் இந்த முறைக்கும் உள்ள தொடர்பில் எனக்கு மிகவும் பிடித்தது கென்யாவில் இருக்கும் ஐசிப் என்ற பூச்சி ஆய்வு நிறுவனம், ராதம்ஸ்டெட்டோடு சேர்ந்து 1990-களில் உருவாக்கிய தள்ளு–இழு முறை. மக்காச்சோளத்தின் இடையில் டெஸ்மோடியம் என்ற பயறு இனச் செடி, வயலைச் சுற்றி நேப்பியர் புல். டெஸ்மோடியத்தின் வாசனை தண்டுத்துளைப்பானின் தாய் அந்துப்பூச்சியை வெளியே தள்ளுகிறது, நேப்பியர் அதைத் தன் பக்கம் இழுத்து முட்டையிட வைக்கிறது, ஆனால் அங்கே பொரிக்கும் புழுக்களில் பெரும்பாலானவை பிழைப்பதில்லை. டெஸ்மோடியத்தின் வேர், சுடுமல்லி என்ற ஒட்டுண்ணிக் களையை முளைக்க வைத்து, ஆனால் மக்காச்சோள வேரைப் பற்றவிடாமல் சாகடிக்கிறது. இரண்டுமே மாட்டுக்குத் தீவனம். ஒரு செடியை நாலு வேலைக்கு வைத்திருக்கிறார்கள் பாருங்கள், அந்த யோசனை எனக்கு இன்றைக்கும் மலைப்பாக இருக்கிறது.

ஆனால் எந்தப் பயிரை மாற்றினாலும் பூச்சியும் நோயும் குறைந்துவிடும் என்று நினைக்க வேண்டாம். தக்காளிக்குப் பிறகு கத்தரி, அதற்குப் பிறகு மிளகாய் என்று போடுவது சுழற்சியே இல்லை, மூன்றும் ஒரே குடும்பம். வேர்முடிச்சு நூற்புழு உள்ள நிலத்தில் தட்டைப்பயறைச் சுழற்சிக்குக் கொண்டுவந்தால் பல ரகங்கள் அந்த நூற்புழுவை வளர்த்துவிடும். அங்கே சணப்பும் செண்டுமல்லியும்தான் கைகொடுக்கும். பயறின் நல்ல முடிச்சையும் நூற்புழு முடிச்சையும் குழப்பிக்கொள்ளவும் கூடாது. நல்ல முடிச்சு வேரின் பக்கத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும், விரலால் தள்ளினால் உதிரும். நூற்புழு முடிச்சு வேரே வீங்கியது, தள்ளினால் வராது.

வேலைச் சுமை கூடும், அதை மறைக்க விரும்பவில்லை. களைக்கொல்லி பெரும்பாலும் அடிக்க முடியாது, தானியத்துக்குப் பாதிப்பில்லாத மருந்து பயறைக் கொன்றுவிடும். அறுவடை இயந்திரம் ஓட வேண்டுமென்றால் ஒற்றை வரிசையாகக் கலக்காமல் நாலு வரிசை, ஆறு வரிசை என்று பட்டை பட்டையாக வையுங்கள், இயந்திரத்தின் அகலத்தை அளந்துவிட்டு விதையுங்கள். நிலக்கடலை 6 வரிசைக்குத் துவரை 1 வரிசை என்ற அமைப்பு இதற்கு எளிது. மொத்த நிலத்தையும் முதல் வருடமே மாற்றிவிடாதீர்கள், நான்கில் ஒரு பங்கில் ஆரம்பியுங்கள். விதைப்பதற்கு முன்னால் நோட்டில் ஒவ்வொரு பயிருக்கும் ஒரு கோடு போட்டு, எந்த வாரம் நுழைகிறது, எந்த வாரம் அதன் தேவை உச்சத்தில் இருக்கும், எந்த வாரம் வெளியேறும் என்று குறியுங்கள். இரண்டு கோட்டின் உச்சமும் ஒரே வாரத்தில் விழுந்தால் அந்தக் கூட்டு வேண்டாம், அல்லது ஒன்றை இரண்டு மூன்று வாரம் தள்ளி விதையுங்கள்.

இந்த வருடம் மழை மூன்று வாரம் தாமதம். துவரை பகல் குறையும்போது பூக்கும் பயிர், நீண்டகால ரகங்களில் இது இன்னும் அதிகம். தாமதமாக விதைத்தாலும் பூக்க வேண்டிய சமயத்தை ஒட்டியே பூக்கும், வளர்வதற்குக் கிடைக்கும் நாள்தான் குறையும், செடி சின்னதாக நின்றுவிடும். அதனால் வழக்கமான 135 சென்டிமீட்டரை விட்டுவிட்டு, சோளத்துக்கும் துவரைக்கும் ஒன்றுக்கு ஒன்று என்று வரிசை வைத்து 90 சென்டிமீட்டருக்குக் குறைத்திருக்கிறேன், சோளத்திலும் சீக்கிரம் முடியும் ரகத்தை எடுத்திருக்கிறேன். அக்காதான் விதை போட்டார். ஓரத்தில் தனிச் சோளம் நாலு வரிசை, தனித் துவரை நாலு வரிசை விட்டிருக்கிறோம், அறுவடை முடிந்ததும் விகிதக் கணக்கு போட்டுவிடலாம்.